முதியோர்க்குத் துணைவாழ்வு இல்லம்: எவ்வளவு உதவி, எவ்வகை உதவி?

ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தலைவரிடம் ஊரார் சிலர் வந்து முறையிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். தெற்குத் தெருவில் தனியே வாழும் மூதாட்டி ஒருவருக்கு வயது 78. கணவர் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவி மக்களுடன் குடியிருக்கிறார். சென்ற மாதம் ஓரிரவு புழக்கடைக்குச் சென்ற மூதாட்டி வழுக்கி விழுந்து, விடியும் வரையில் எழுந்திருக்க இயலாமல் ஈரத் தரையிலே கிடந்தார். “தலைவரே, இனி அவரைத் தனியே விடுதல் தகாது. ஏதேனும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள்” என்கின்றனர் அண்டை வீட்டார். மூதாட்டியோ, “தம்பி, இந்த வாசலிலேயே என் காலம் கழியட்டும். என்னை வேறெங்கும் அனுப்பாதே” என்று கண்ணீர் விடுகிறார்.

அண்டை வீட்டாரின் அச்சம் நியாயமானது. மூதாட்டியின் வேண்டுகோளும் நியாயமானதே. இத்தகைய வழக்கு இன்று பல கிராமங்களில் எழுகின்றது. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது நிறைந்தவர்கள். இளைஞர்கள் பிழைப்பை நாடி நகரங்களுக்குச் செல்லச் செல்ல, ஊரில் தங்குவோர் பெரும்பாலும் முதியோராகவே இருக்கின்றனர். ஆதலின், முதியோர்க்கென அமைந்த இல்லங்கள் எவ்வகை உதவியைத் தருகின்றன, அவ்வுதவி யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இல்லங்களின் வகை

முதியோர் இல்லம் என்று பொதுவாகக் கூறினாலும் அவற்றுள் மூன்று வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள வல்ல முதியோர் கூடி வாழும் குடியிருப்பு. அங்கே பாதுகாப்பும் தோழமையும் உண்டு. உடலைப் பேணும் பணியாளர்கள் இருப்பதில்லை.

இரண்டாம் வகை, நோயாலும் தளர்ச்சியாலும் படுக்கையில் வீழ்ந்தோர்க்கு இரவும் பகலும் தாதியர் பணிவிடை செய்யும் மருத்துவப் பராமரிப்பு விடுதி.

மூன்றாம் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குளிக்கவும், உடுக்கவும், மருந்தை வேளை தவறாது உண்ணவும் பிறர் கைத்துணை வேண்டும். ஆயினும் மருத்துவமனை வாழ்வு வேண்டுவதில்லை. இந்நிலையில் உள்ளோர்க்கென அமைந்த இல்லத்தை மேனாட்டார் ‘அஸிஸ்டெட் லிவிங்’ என்பர். நாம் அதனைத் ‘துணைவாழ்வு இல்லம்’ என்று வழங்கலாம்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

இவ்வகை இல்லம் தோன்றிய வரலாறு நமக்கு நல்லதொரு பாடம். அமெரிக்க நாட்டில் கெரன் பிரவுன் வில்சன் என்னும் அம்மையாரின் தாய் தமது 55-ஆம் வயதில் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். அவர் பராமரிப்பு விடுதியில் வாழ நேர்ந்தது. அங்கே உணவும் மருந்தும் கிடைத்தன. ஆனால் எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய யாவற்றையும் விடுதியே விதித்தது. முதுமை பற்றிய கல்வியில் ஈடுபட்டிருந்த மகளிடம் அத்தாய், தம்மைப் போன்றோர்க்கு ஏதேனும் செய்யக் கூடாதா என்று கேட்டார். அவர் விரும்பியவை பெரியன அல்ல. சிறு சமையலிடம், தனிக் குளியலறை, தமக்குப் பிரியமான பொருள்கள், தாமே தாழிட்டுக்கொள்ளக் கூடிய ஒரு கதவு ஆகியவையே.

1983-ஆம் ஆண்டில் கெரன் வில்சன் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் 112 தனி வீடுகள் கொண்ட ஓர் இல்லத்தைத் தொடங்கினார். ஒவ்வொருவர்க்கும் தம் வீட்டுக் கதவு, தம் பூட்டு, தம் தட்டுமுட்டுச் சாமான்கள். உணவும், உடல் பேணுதலும், மருந்து தருதலும் இல்லத்தின் பொறுப்பு. அவசரத்தில் அழைத்தால் இரவிலும் பகலிலும் ஆள் வரும். “இவ்வளவு தளர்ந்தோரை உள்ளே தாழிட்டுக்கொள்ள விடலாமா?” என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். அரசாங்கம் அங்கு வாழ்வோரின் உடல்நிலையையும் மனநிலையையும் தொடர்ந்து கண்காணித்தது. 1988-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. சுதந்திரத்தால் உடல்நலம் கெடவில்லை, மனநிறைவு மிகுந்திருந்தது. அரசாங்க உதவி பெற்றோர் திறத்தில், பராமரிப்பு விடுதியைவிடச் செலவும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பின்னர் அதே பெயரில் ஆயிரக்கணக்கான இல்லங்கள் அந்நாட்டில் எழுந்தன. அவை அனைத்தும் இக்கொள்கையைக் காத்தன என்று கூறுவதற்கில்லை. அங்கே இவற்றுக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பெயரை மட்டும் நோக்கி ஏமாறலாகாது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

உதவியை அளக்கும் முறை

நிலத்துக்கு நீர் பாய்ச்சும் உழவர், பயிரின் தேவையறிந்தே மடையைத் திறக்கிறார். குறைந்தால் பயிர் வாடும். மிகுந்தால் வேர் அழுகும். முதியோர்க்குச் செய்யும் உதவியும் இத்தன்மையதே. ஆயின் தேவையை எவ்வாறு அளப்பது?

1963-ஆம் ஆண்டில் சிட்னி காட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இதற்கு எளிய வழியொன்றை வெளியிட்டனர். அன்றாட வாழ்வுக்குரிய ஆறு செயல்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் சென்று மீளுதல், படுக்கையினின்றும் எழுந்து அமர்தல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்பனவே அவை. ஒவ்வொன்றையும் பிறர் துணையின்றிச் செய்ய இயலுமா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தளர்ச்சி நேருங்கால் பெரும்பாலும் குளிக்கும் திறன் முதலிலும், உண்ணும் திறன் இறுதியிலும் குறைகின்றன. குழந்தை வளருங்கால் தானே உண்ணக் கற்பது முன்னும், தானே குளிக்கக் கற்பது பின்னும் ஆதலை நாம் அறிவோம். முதுமையில் அவ்வரிசை தலைகீழாகின்றது.

1969-ஆம் ஆண்டில் லாட்டன், பிராடி என்னும் இருவர், வீட்டை நடத்துதற்குரிய எட்டுச் செயல்களைத் தொகுத்தளித்தனர். தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைத் துப்புரவாக வைத்தல், துணி துவைத்தல், வெளியூர் செல்லுதல், மருந்தை முறைப்படி உண்ணுதல், பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடுதல் ஆகியவை அவை. நம் கிராமங்களுக்குத் தண்ணீர் சுமத்தலையும் இப்பட்டியலுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறு செயல்களையும் தாமே செய்துகொண்டு, எட்டில் இரண்டு மூன்று மட்டும் இயலாதவர்க்கு வேண்டுவது ஊராரின் சிறு உதவியே, இல்லம் அன்று. ஆறில் இரண்டொன்று குறைந்தவர்க்குத் துணைவாழ்வு இல்லமோ, அதற்கு ஈடான வீட்டுத் துணையோ வேண்டும். ஆறில் பெரும்பாலானவை குன்றிப் படுக்கையில் வீழ்ந்தவர்க்கு மருத்துவப் பராமரிப்பு வேண்டும். இது முடிவான தீர்ப்பு அன்று, முதற் கணக்கு. அறிவு மயங்கி வழி தெரியாமல் அலையும் முதியவர் ஆறு செயல்களையும் செய்ய வல்லவராயினும், அவருக்கு இடைவிடாத காவல் தேவை என்பதையும் நினைவிற் கொள்க. இத்தகையோரையும், அடிக்கடி விழுவோரையும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நல்ல இல்லம் தரும் துணை

துணைவாழ்வு இல்லத்தின் பணிகளை ஐந்தாக வகுத்துக் கூறலாம்.

ஒன்று, உடலைப் பேணும் துணை. குளிக்கும்போது அருகில் நின்று கைகொடுத்தல், உடுக்கத் துணைசெய்தல், நடக்கத் தோள்கொடுத்தல் போன்றவை. முதியவர் முகம் கழுவ வல்லவராயின் முகத்தை அவரே கழுவிக்கொள்ளும்படி விடுதல் வேண்டும். முதுகு தேய்க்க இயலாவிடில் அதை மட்டும் பணியாள் செய்ய வேண்டும்.

இரண்டு, மருந்துக் காவல். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்குப் பல மாத்திரைகள் உண்ணும் முதியோர் வேளையை மறத்தலும், ஒரே மாத்திரையை இருமுறை உண்ணுதலும் உண்டு. நல்ல இல்லத்தில் ஒவ்வொருவர்க்கும் குறிப்பேடு வைத்து, கொடுத்த மருந்தையும் வேளையையும் எழுதி வருவர்.

மூன்று, உணவு. பல் இழந்தோர்க்கு மென்மையான உணவும், உடல் வலுக் குன்றாதிருக்கப் பருப்பு, பால், முட்டை போன்றவையும் வேண்டும். முதுமையில் தாக உணர்ச்சி மந்தமாவதால், கோடையில் கேளாமலே நீரும் மோரும் தருதல் அவசியம்.

நான்கு, விழாமற் காக்கும் அமைப்பு. வழுக்காத தரை, கழிப்பிடத்திலும் குளியலறையிலும் பற்றிக்கொள்ளக் கம்பி, நாற்காலி உயரத்தில் அமரத்தக்க கழிப்பிடம், படிக்குப் பதில் சரிவுப் பாதை, இரவில் அணையாத சிறு விளக்கு, கைக்கெட்டும் இடத்தில் அழைப்பு மணி ஆகியவை இதில் அடங்கும். முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மீண்டும் பழைய நடையைப் பெறுவதில்லை. ஆகையால் இச்சிறு செலவு பெருந்துன்பத்தைத் தடுக்கும்.

ஐந்து, தோழமையும் வேலையும். பேச்சுத் துணை, செய்தித்தாள், வழிபாடு, பாட்டு, தோட்டவேலை முதலியன. இவற்றைப் பொழுதுபோக்கு என்று இலேசாக எண்ணலாகாது.

மேற்கூறிய ஐந்தாவது பணியின் பயனை ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் அறிஞர்கள் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வாராய்ச்சி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பராமரிப்பு விடுதியொன்றில் நடைபெற்றது. ஒரு மாடியில் இருந்த முதியோரிடம், அறையை ஒழுங்கு செய்தல் முதலியவற்றைத் தாமே முடிவு செய்யலாம் என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தந்து அதற்குத் தாமே நீர் ஊற்றி வளர்க்கும்படி விட்டனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி தரப்பட்டது. ஆனால் அதற்கு நீர் ஊற்றியவர் தாதியர். “உங்கள் நலத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றே அவர்களிடம் கூறப்பட்டது. சில வாரங்களில் முதல் மாடியினரிடம் ஊக்கமும் மகிழ்ச்சியும் மிகுந்திருந்தன. அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுதலும் முதியவரைத் தளரச் செய்யும் என்பதை இதனால் அறிகிறோம். உழுது விதைத்து உலகுக்குச் சோறிட்ட கைகளுக்கு, ஒரு கீரைப் பாத்தியேனும் இல்லாமற் போவது பெருங்கொடுமை.

நம் நாட்டில் உள்ள ஏற்பாடுகள்

நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோர்க்கான உதவித்தொகை 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிலேயே தரப்பட்டன. இயன்முறை மருத்துவமும், படுக்கையில் உள்ளோர்க்கு வலிதணிப்புப் பராமரிப்பும் அதில் இடம்பெற்றன. 2025-ஆம் ஆண்டில், 70 வயது நிறைந்த முதியோரின் இல்லத்துக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பெற்றது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 60 வயது நிறைந்தோர் இச்சட்டத்தில் மூத்த குடிமக்கள் ஆவர். தம்மைத் தாமே பேண வகையற்ற பெற்றோர், மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் வக்கீல் இன்றியே மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை அளிக்குமாறு ஆணையிடச் சட்டம் இடந்தருகிறது. சொத்தை மக்களுக்கு எழுதிவைப்போர், தம்மைக் காக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுதல் நலம். அந்நிபந்தனை மீறப்படுமாயின், அவ்வுரிமை மாற்றம் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஏழை முதியோர்க்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், 150 பேர் தங்கத்தக்கதாக, மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்றும் இச்சட்டம் கூறுகின்றது.

கடலூர் மாவட்டத்தில் நாம் காணத்தக்க முன்மாதிரி ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், ஆதரவிழந்த முதியோர்க்காக ஹெல்ப்பேஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஒரே கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டு வைக்காமல், சுமார் நூறு முதியோர் சிறு சிறு வீடுகளில் கூடி வாழுமாறு அது கிராம அமைப்பிலேயே உருவாக்கப்பட்டது. கிராமத்தில் வாழ்ந்து பழகியவர்க்கு, வீடும் வாசலும் அக்கம் பக்கமும் உள்ள இடமே பொருந்தும் என்னும் கொள்கை இதிலும் விளங்குகின்றது.

மூதாட்டியின் கணக்கு

இனி நம் பஞ்சாயத்துத் தலைவரிடம் திரும்புவோம். அவர் கிராமச் செவிலியருடன் மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, அருகில் அமர்ந்து, நிதானமாகக் கேட்டறிகிறார். மூதாட்டி தாமே உடுக்கிறார், உண்கிறார், எழுந்து நடக்கிறார், கழிப்பிடம் சென்று வருகிறார். மலசலத்தை அடக்கவும் வல்லவராயிருக்கிறார். குளிக்கும்போது மட்டும் கால் நடுங்குகிறது. ஆறில் ஐந்து அவர் கையில் உள்ளன. எட்டில், சமையலும் வீட்டு வேலையும் நடக்கின்றன. தண்ணீர் சுமக்கவும், ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் செல்லவும் இயலவில்லை. மாத்திரையை மறந்துவிடுகிறார். கீழே விழுந்த இரவில் அவரை மயக்கம் தள்ளவில்லை. விளக்கின்மையும் பாசி படர்ந்த கல்லும் தள்ளின என்று செவிலியர் கூறுகிறார். ஆயினும் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

இக்கணக்கு முடிந்ததும் வழி தானே புலனாகின்றது. புழக்கடைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு. பாசியை நீக்கிச் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. கழிப்பிடச் சுவரில் இரும்புக் கம்பி. குளிக்க ஒரு முக்காலி. வாசலில் ஒரு குழாய். ரேஷன் பொருள் வீட்டுக்கு வர ஏற்பாடு. காலையில் சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் வந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, வாரம் இருமுறை குளிக்கத் துணையிருத்தல். இரவில் அழைக்க அண்டை வீட்டுக்கு இழுத்துக் கட்டிய ஒரு மணி. மகன் மாதந்தோறும் பணம் அனுப்புவதுடன், நாள்தோறும் தொலைபேசியில் ஒருமுறை பேசுதல். இவை யாவும் துணைவாழ்வு இல்லம் தரும் உதவிகளே. வேறுபாடு என்னவெனில், மூதாட்டி இல்லத்துக்குச் செல்லவில்லை. உதவி அவரது வாசலுக்கு வந்தது.

ஆறு மாதத்துக்கொருமுறை இக்கணக்கை மீண்டும் பார்த்தல் வேண்டும். ஒரு நாள் அவருக்குக் கழிப்பிடம் செல்லவும் எழுந்திருக்கவும் துணை வேண்டியதாகலாம். அப்பொழுது ஊரின் உதவி போதாமற் போகக் கூடும். அந்நிலையில் இல்லத்தில் சேர்த்தல் கைவிடுதல் ஆகாது. பகலும் இரவும் ஆள் தேவைப்படுபவரை, ஊர்ப்பெருமை கருதி வீட்டிலேயே வைத்து வாட விடுதல்தான் கைவிடுதலாகும்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்குமுன்

இல்லத்தை நேரிற் சென்று பார்த்தல் இன்றியமையாதது. முன்னறிவிப்பின்றி, உணவு வேளையில் ஒருமுறையும் மாலை மங்கிய பின் ஒருமுறையும் சென்று வருதல் நலம். முறைப்படி பதிவு பெற்ற இல்லமா? இரவில் எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கின்றனர்? மருந்துக் குறிப்பேடு உண்டா? அவசரத்தில் எந்த மருத்துவமனைக்கு, எவ்வாகனத்தில் கொண்டுசெல்வர்? கட்டணத்துள் அடங்குவன எவை, அடங்காதன எவை? உடல்நிலை மேலும் தளர்ந்தால் வைத்துக்கொள்வரா, வெளியேறச் சொல்வரா? இவற்றுக்குரிய விடைகளை எழுத்து மூலம் பெறுக.

அங்கு வாழும் முதியோரிடமும் தனியே பேசுதல் வேண்டும். தம் பெட்டிக்குத் தம்மிடம் சாவி உண்டா, உதவித்தொகை தம் கைக்கு வருகிறதா, உறவினர் விரும்பியபோது வந்து காண இயலுமா, குறை கூறினால் கேட்பாருண்டா என்று வினவுக. துன்புறுத்தப்படும் முதியோர்க்காக 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுவதும் உள்ளது. அதனைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல் சிறிய பணியாயினும் சிறந்த பணியாகும்.

யாவற்றுக்கும் மேலாக, இல்லத்துக்குச் செல்லவிருப்பவர் முதியவரே. ஆதலின் முடிவில் அவருடைய சொல் முதலிடம் பெற வேண்டும். மகனும் தலைவரும் பேசி முடித்துவிட்டு, இறுதியில் அவருக்கு அறிவிப்பது முறையாகாது.

சாலையும் பள்ளியும் கிணறும் அமைத்தலே கிராம அபிவிருத்தி என்று நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அச்சாலைக்கு மண் சுமந்தவரும், அக்கிணற்றை வெட்டியவரும் இன்று திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் குறைவது எது, எஞ்சியிருப்பது எது என்று கணக்கெடுத்து, குறைவதை நிறைவு செய்து, எஞ்சியதை அவர்கள் கையிலேயே விட்டுவைப்போமாக.

மன்றங்களிற் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் 60 வயது நிறைந்தோர் எத்தனை பேர்? அவர்களுள் தனியே வாழ்வோர் எத்தனை பேர்?

2. ஆறு செயல்களையும் எட்டுச் செயல்களையும் கொண்டு இம்முதியோரின் தேவையைக் குறித்துக்கொள்ள யார் பொறுப்பேற்பது?

3. விளக்கு, கைப்பிடிக் கம்பி, குழாய் ஆகியவற்றால் மட்டுமே தீரக் கூடிய குறைகள் எவ்வீடுகளில் உள்ளன?

4. நம் மாவட்டத்தில் உள்ள முதியோர் இல்லங்களுள் எவற்றை உறுப்பினர்கள் நேரிற் சென்று பார்த்துள்ளனர்?